இருபது பேருக்கு ஓர் இடம்

நூறு உறுப்பினர்கள் உள்ள ஒரு சங்கம் ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. ஆளுக்கு ஐந்து வாக்கு. அதிக வாக்கு வாங்கிய ஐவர் குழுவில் அமர்வார்கள். கூட்டுறவுச் சங்கம், தொழிற்சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம் என்று பல இடங்களிலும் பழகிப்போன முறை இது, நியாயமாகவும் தோன்றுகிறது. அந்த நூறு பேரில் 58 பேர் ஓர் அணியின் ஐந்து பெயர்களுக்கும், 25 பேர் இரண்டாம் அணியின் பெயர்களுக்கும், 17 பேர் மூன்றாம் அணியின் பெயர்களுக்கும் வாக்களிப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் அணியின் ஐவரும் தலா 58 வாக்கு பெறுவார்கள். மற்ற எவரும் 25ஐத் தாண்ட முடியாது. ஐந்து இடமும் ஒரே அணிக்குப் போகும். மீதி 42 பேருக்காகப் பேசக் குழுவில் ஒருவரும் இருக்க மாட்டார். ‘பேனல் அப்படியே ஜெயித்தது’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வாக்கியத்துக்குள் இந்த 42 பேர் புதைந்து கிடக்கிறார்கள். ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பான்மை முடிவு செய்வதில் பொருள் இருக்கிறது. ஐவரைத் தேர்ந்தெடுக்கும்போது அதே விதியை ஐந்து முறை திரும்பச் செய்வது, ஐவரைத் தேர்ந்தெடுப்பதன் நோக்கத்தையே அழித்துவிடுகிறது.

இடத்துக்கு ஒருவராகத் தொகுதி பிரித்துத் தேர்ந்தெடுத்தாலும் இதே விளைவு நேரலாம். நியூயார்க் நகரின் பழைய மன்றத்துக்கு 1935இல் நடந்த தேர்தலில் ஜனநாயகக் கட்சி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைப் பெற்று, 65 இடங்களில் 62ஐக் கைப்பற்றியது. மறு ஆண்டு மக்கள் பொது வாக்கெடுப்பில், வாக்குக்கு ஏற்ற அளவில் இடம் தரும் விகிதாசார முறையை ஏற்றார்கள். அந்த முறையில்தான் 1941இல் ஆடம் கிளேட்டன் பவல், பழையதன் இடத்தில் வந்த புதிய நகர மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார். 1943இல் பெஞ்சமின் டேவிஸ் என்ற கறுப்பினக் கம்யூனிஸ்ட்டும் உள்ளே வந்தார். 1947இல் முறையே ரத்து செய்யப்பட்டது. மக்கள் அதே மக்கள், நகரம் அதே நகரம். எண்ணும் விதி மாறியபோது மன்றத்தின் முகம் மாறியது.

பல தரப்பினரும் இடம்பெறும் குழுவை அமைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தரப்புகளுக்கு முன்கூட்டியே பெயர் வைத்து, பெயருக்கு இத்தனை இடம் என்று ஒதுக்குவது. மற்றொன்று, யாருக்கும் பெயர் வைக்காமல், வாக்குகள் எப்படித் திரள்கின்றன என்பதைப் பார்த்து இடங்களைப் பங்கிடுவது. முதல் வழி நமக்கு நன்கு பழக்கமானது. இரண்டாவது வழியைக் கணிதம் கடந்த 130 ஆண்டுகளாகச் செதுக்கிவந்திருக்கிறது. இன்று அதனால் எந்த அளவுக்கு உறுதி தர முடியும் என்பது நிரூபிக்கப்பட்டே இருக்கிறது. குழுத் தேர்தல்களில் இந்த இரண்டாவது வழியே அடித்தளமாக இருக்க வேண்டும், முதல் வழி அதற்குமேல் ஒரு பாதுகாப்பாக நிற்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முன்கூட்டிப் பெயர் வைப்பதன் இடரை உத்தரமேரூரிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம். பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அப்படி வந்த முப்பது பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டுக் குழு), 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். குடும்புக்கு ஒருவர் என்ற அளவில் எந்தப் பகுதியும் விடுபடாத ஏற்பாடு இது. ஆனால் கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் இல்லாதவர் பெயர் பொதுவாக ஓலையிலேயே ஏறாது. உழுதவரும் ஏரி தூர்வாரியவரும் எந்தக் குடும்பிலும் கணக்கில்லை. தரப்புகளுக்குப் பெயர் வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, விடுபடுவோரைத் தீர்மானிக்கும் அதிகாரமும் அவரிடமே இருக்கிறது.

இன்னொரு இடர் நுட்பமானது. அதை அம்பேத்கர் தெளிவாகக் கண்டார். 1932 செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்களை ஒதுக்கியது. அதில் சென்னை மாகாணத்துக்கு 30. அதற்குமுன் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு கொடுத்தவை 71 மட்டுமே. எண்ணிக்கை இரட்டித்தது, ஆனால் தேர்வுமுறை மாறியது. ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் முதல்கட்டத்தில் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைத் தொகுதியின் எல்லா வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். முதல்கட்டத்தில் தன் மக்களிடம் முதலிடம் பெற்றவர் இறுதியில் தோற்கலாம், நாலாமிடத்துக்காரர் வெல்லலாம். இருக்கையின் மேல் எழுதிய பெயர் சரியாக இருக்கும். அதில் அமர்ந்தவரைத் தேர்ந்தெடுத்த கை வேறொருவருடையதாக இருக்கும். ஒரு தரப்பைச் சேர்ந்தவர் இருப்பதும், ஒரு தரப்பு நம்பி அனுப்பியவர் இருப்பதும் வெவ்வேறு சங்கதிகள். இந்த வேறுபாட்டைத்தான் கணிதம் பிடித்துக்கொண்டது. அம்பேத்கரும் 1955இல் எழுதிய மொழிவாரி மாநிலங்கள் பற்றிய நூலில், சிறுபான்மையினர் பாதுகாப்புக்காக இரண்டு அல்லது மூன்று உறுப்பினர் தொகுதிகளையும், ஒருவர் தன் வாக்குகள் அனைத்தையும் ஒரே வேட்பாளருக்குக் குவிக்கும் உரிமையையும் பரிந்துரைத்தார். பெயர்ப்பலகையிலிருந்து எண்ணும் விதியை நோக்கி அவர் சிந்தனை நகர்ந்ததாகவே அதை நான் படிக்கிறேன்.

கணிதத்தின் கதை ஸ்காண்டிநேவியாவில் தொடங்குகிறது. லார்ஸ் எட்வர்ட் ஃப்ராக்மேன் ஸ்வீடன் நாட்டுக் கணிதர். மூன்று வான்பொருள்களின் இயக்கம் குறித்துப் பிரெஞ்சுக் கணிதர் பாயின்கரே எழுதிய புகழ்பெற்ற பரிசுக் கட்டுரையில் இருந்த இடைவெளியை, அதை அச்சுக்குத் தயாரிக்கும்போது கேள்வி கேட்டு வெளிக்கொணர்ந்தவர். தோர்வால்ட் தீலே டென்மார்க்கின் வானியலாளர், கோபன்ஹேகன் வானாய்வகத்தின் இயக்குநர். ஃப்ராக்மேன் 1894இலும், அதற்கு மறு ஆண்டு தீலேயும், பல இடங்களுக்கான தேர்தலை நியாயமாக எண்ணுவதற்குத் தத்தம் விதிகளை முன்வைத்தார்கள். இருவருமே ஆயுள் காப்பீட்டுத் துறையில் ஈடுபட்டவர்கள். சுமையை எத்தனை பேர் மீது எப்படிப் பரப்பினால் நியாயம் என்பது அந்தத் துறையின் அன்றாடக் கேள்வி. தேர்தலுக்கும் அவர்கள் அதே கேள்வியைக் கேட்டது தற்செயலாகத் தோன்றவில்லை.

இரண்டு விதிகளுக்கும் வாக்குச்சீட்டு எளிமையானது: தனக்கு ஏற்புடைய பெயர்களுக்கெல்லாம் வாக்காளர் குறியிடுவார், எத்தனை பேராக இருந்தாலும் சரி. தீலேயின் விதியில் ஒரு வாக்காளர் ஏற்றவர்களில் முதலாமவர் குழுவுக்குள் வந்தால் அவருடைய நிறைவு 1. இரண்டாமவர் வந்தால் மேலும் அரை. மூன்றாமவருக்கு மூன்றில் ஒன்று. எல்லோருடைய நிறைவையும் கூட்டினால் எந்தக் குழுவுக்கு அதிகம் வருகிறதோ அதுவே தேர்வு. நம் சங்கத்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள். முதல் அணியின் அடுத்தடுத்த இடங்களின் மதிப்பு 58, 29, 19.3, 14.5 என்று இறங்குகிறது. இரண்டாம் அணிக்கு 25, 12.5, மூன்றாம் அணிக்கு 17, 8.5. பெரிய ஐந்து எண்களை எடுத்தால் 58, 29, 25, 19.3, 17. முதல் அணிக்கு மூன்று, மற்ற இரண்டுக்கும் தலா ஒன்று. அணிகளின் பெயரையோ எல்லையையோ யாரும் அறிவிக்கவில்லை. சீட்டுகளில் இருந்த குறிகளே அணியைக் காட்டிக்கொடுத்தன. ஃப்ராக்மேன் இதையே சுமையாகப் பார்த்தார். தேர்வான ஒவ்வொருவரும் ஓர் அலகு சுமை. அவரை ஏற்றவர்கள் அதைச் சுமக்கிறார்கள். எவர் தோளிலும் சுமை மிகாதபடி அடுத்த ஆளைத் தேடுவதே விதி. இதே எண்களுக்கு அவருடைய விதியும் இதே குழுவைத்தான் தரும். ஸ்வீடன் 1909இல் விகிதாசார முறைக்கு மாறியபோது கட்சிக்குள் இடங்களைப் பங்கிடத் தீலேயின் விதியின் எளிய வடிவத்தைப் பயன்படுத்தி, 1921இல் அதைக் கைவிட்டு ஃப்ராக்மேனின் விதிக்கு மாறியது.

இந்த விதிகள் உண்மையில் என்ன உறுதி தருகின்றன என்பதைத் துல்லியமாகச் சொல்லும் மொழி 2015 வாக்கில்தான் வந்தது. ஹாரிஸ் அஜீஸ், எடித் எல்கிண்ட், டோபி வால்ஷ் உள்ளிட்ட ஆறு ஆய்வாளர்கள் வரையறுத்த நிபந்தனை இது: நூறு பேர் ஐந்து இடங்களை நிரப்பினால், இருபது பேருக்கு ஓர் இடம் என்பது விகிதம். எந்த இருபது பேராக இருந்தாலும், அவர்கள் எல்லோரும் ஏற்கும் ஒரு வேட்பாளராவது இருந்தால், அந்த இருபதில் ஒருவராவது தான் ஏற்ற ஒருவரைக் குழுவில் காண வேண்டும்; எல்லோரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. ‘எந்த இருபது பேராக இருந்தாலும்’ என்ற சொற்களில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. சாதியோ, தெருவோ, தொழிலோ அந்த இருபதைச் சேர்த்திருக்கலாம். நாளை காணாமல் போகும் ஒரு கவலையும் சேர்த்திருக்கலாம். ஊரில் ஆட்டோ ஓட்டுநர்கள் பன்னிரண்டு பேர், ஆலைக்குப் போகும் பெண்கள் பன்னிரண்டு பேர் என்று வையுங்கள். பட்டியல் போட்டு ஒதுக்கினால் இரு பட்டியலும் இருபதை எட்டாது. ஆனால் இரவு நேரத்தில் தெருவிளக்கு எரிய வேண்டும் என்று பேசும் ஒருவரை இருவகையினரும் ஏற்றால் அவர்கள் 24 பேர். அவர்களுக்குப் பெயர் கிடையாது, இடம் உண்டு. ஒரு மனிதர் ஒரே நேரத்தில் பெண், வாடகைக்குக் குடியிருப்பவர், சிறு வியாபாரி என்று மூன்றாகவும் இருப்பதை இந்த முறை தடையின்றி ஏற்றுக்கொள்கிறது. ஒதுக்கீட்டுப் பட்டியலோ அவரை ஏதாவது ஒரு கட்டத்தில் நிற்கச் சொல்கிறது.

இந்த உறுதியைத் தருவதாக எளிதில் நிரூபிக்கக்கூடிய ஒரு விதியை 2020இல் டொமினிக் பீட்டர்ஸும் பியோத்ர் ஸ்கோவ்ரோனும் வெளியிட்டார்கள். சமபங்கு முறை என்று அதைச் சொல்லலாம். குழுவில் ஓர் இடத்தின் விலை ஒரு ரூபாய், அதாவது நூறு காசு. ஐந்து இடங்களுக்கு ஐந்து ரூபாய். அதை நூறு பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஐந்து காசு. ஒரு வேட்பாளரை ஏற்றவர்கள் தங்கள் காசைச் சேர்த்து, இயன்றவரை சமமாகப் பங்கிட்டு, அவருக்குரிய இடத்தை வாங்குகிறார்கள். எவருடைய ஆதரவாளர்களால் தலைக்குக் குறைந்த செலவில் வாங்க முடிகிறதோ அவர் முதலில் உள்ளே வருவார். இப்போது நிரூபணத்தைப் பாருங்கள். ஒருமித்து ஒருவரை ஏற்கும் இருபது பேரிடம் தொடக்கத்தில் சரியாக நூறு காசு இருக்கிறது. அவர்களில் யாருமே காசைச் செலவிடவில்லை என்றால் அந்த ஒருவரை வாங்கியிருக்கலாமே; விதி நின்றிருக்காது. யாரோ ஒருவர் செலவிட்டிருந்தால், அவர் ஏற்ற யாரோ ஒருவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். இரண்டில் எதுவானாலும் இருபது பேரும் வெறுங்கையோடு போகவில்லை. நம் சங்கத்தில் முதல் அணியிடம் 290 காசு இருப்பதால் இரண்டு இடமும், இரண்டாம் அணியிடம் 125 காசு இருப்பதால் ஓர் இடமும் வாங்கலாம். மூன்றாம் அணியின் 85 காசு போதாது. காலியாக நிற்கும் இரண்டு இடங்களை நிரப்ப, எல்லோருக்கும் தரும் காசைச் சமமாகச் சிறிது சிறிதாக உயர்த்துவார்கள். ஆளுக்கு 5.9 காசு வரும்போது முதல் அணி மூன்றாவது இடத்தையும், மூன்றாம் அணி தன் முதல் இடத்தையும் வாங்கிவிடுகிறது. போலந்தின் வியலிச்கா நகரம் 2023இல் பத்து லட்சம் ஸ்லாட்டி மதிப்புள்ள பங்கேற்பு பட்ஜெட்டில், எந்தத் திட்டங்களுக்குப் பணம் போவது என்பதை இம்முறையில் முடிவு செய்தது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரமும் அப்படிச் செய்தது.

இதெல்லாம் நமக்கு முற்றிலும் புதிதும் அல்ல. இம்முறைகளின் மூத்த உறவான ஒற்றை மாற்று வாக்கு இந்தியாவில் ஆழ வேரூன்றியிருக்கிறது. டென்மார்க்கில் கார்ல் ஆண்ட்ரேயும் இங்கிலாந்தில் தாமஸ் ஹேரும் 1850களில் தனித்தனியே கண்டது அது. வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார். வென்றவருக்குத் தேவைக்கு மேல் கிடைத்த வாக்கும், தோற்றவருக்கு விழுந்த வாக்கும் அடுத்த விருப்பத்துக்கு நகரும். 1946இல் அரசியல் நிர்ணய சபைக்கு மாகாண உறுப்பினர்கள் இம்முறையில்தான் தேர்வானார்கள். மாநிலங்களவைத் தேர்தலும், நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கான விதியும் இதுவே. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி மாநில வழக்கறிஞர் மன்றங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் வாக்களிப்பதும் இந்த முறையில்தான். தமிழ்நாட்டின் 234 சட்டமன்ற உறுப்பினர்கள் ஆறு மாநிலங்களவை இடங்களை நிரப்பும்போது ஒவ்வொரு சீட்டுக்கும் 100 மதிப்பு தரப்படுகிறது, மொத்தம் 23,400. அதை ஏழால் வகுத்து, மீதியை விட்டு, ஒன்றைக் கூட்டினால் 3,343. ஏன் ஏழு? ஏழு பேர் இந்த அளவை எட்ட 23,401 வேண்டும், இருப்பது 23,400. ஆறு பேர் எட்டலாம், ஏழாமவர் ஒருபோதும் எட்ட முடியாது. ‘34 எம்.எல்.ஏ. இருந்தால் ஒரு எம்.பி.’ என்று தேர்தலுக்குத் தேர்தல் செய்தித்தாள்கள் எழுதும் கணக்கின் பின்னால் இருப்பது இதுதான். சங்கத்துக்குச் சொன்ன பழைய முறையில் எண்ணியிருந்தால் 118 பேர் உள்ள கட்சி ஆறு இடத்தையும் அள்ளியிருக்கும். மாநிலங்களவைக்கு ஏற்ற நியாயம் சங்கத்துக்கும் ஊர்க் குழுவுக்கும் ஏன் கூடாது என்பதற்கு வலுவான விடை எதையும் நான் கண்டதில்லை.

மறுப்புகளில் முதலாவது, இந்தக் கணக்கு சாதாரண மனிதருக்குப் புரியாது என்பது. தீலேயின் முழு விதியைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. நூறு வேட்பாளர்களில் இருபது பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 5-க்குப் பின் இருபது இலக்கம் நீளும் எண். எல்லாவற்றையும் ஒப்பிடுவது கணினிக்கும் ஆகாத காரியம், பொதுவான குறுக்கு வழியும் இருக்க வாய்ப்பில்லை என்றே கருதப்படுகிறது. யாரும் சரிபார்க்க முடியாத முடிவை யாரும் நம்பத் தேவையில்லை. ஆகவே அந்த விதியைப் பெரிய தேர்தலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சமபங்கு முறைக்கு இந்தக் குறை இல்லை; சீட்டு கட்டும் பழக்கமுள்ள எந்த ஊரிலும் காசைச் சேர்த்து ஏலம் எடுப்பதை விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது. இரண்டாவது மறுப்பு தந்திரம் பற்றியது. எப்படியும் வென்றுவிடுவார் என்று தெரிந்தவருக்குக் குறியிடாமல் விட்டால் என் காசு மிச்சமாகும், அதை வேறொருவருக்குச் செலவிடலாம். விகிதாசார நியாயத்தையும் தந்திரத்துக்கு இடம் கொடாமையையும் ஒருசேரத் தரும் விதி இருக்கவே முடியாது என்று பீட்டர்ஸ் 2018இல் நிறுவியிருக்கிறார். இது உண்மையான விலைதான். ஆனால் எல்லோரும் அப்படி விட்டுவிட்டால் அந்த நல்லவர் தோற்பார். மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாத கூட்டத்தில் இந்தத் தந்திரம் பெரும்பாலும் துணியத் தகாதது. 58 பேர் ஒன்றுசேர்ந்து 42 பேரைத் துடைத்தெறிவதற்குத் தந்திரமே வேண்டியதில்லை என்ற பழைய விதியோடு ஒப்பிட்டால் எது பெரிய தீங்கு என்பதில் எனக்கு ஐயமில்லை. பல தரப்பு சேர்ந்தால் முடிவு எடுக்க முடியாது என்பாரும் உண்டு. ஆட்சியமைக்கும் அவைக்கு அந்தக் கவலை பொருந்தலாம். கணக்குப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் அமைக்கும் குழுவுக்கு மாறுபட்ட கண்கள் இருப்பதே வேலை.

கனமான மறுப்பு வேறு. பெயரில்லாத நியாயம் என்பது ஒடுக்கப்பட்டவரின் இட ஒதுக்கீட்டைப் பறிக்கும் அழகான சாக்காகிவிடாதா? இதை எண்களோடு எதிர்கொள்ள வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 சதவீதம், பழங்குடியினர் 1.10 சதவீதம். சட்டமன்றத்தில் முறையே 44 இடங்களும் 2 இடங்களும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. ஆறு உறுப்பினர் தொகுதியில் ஓர் இடம் உறுதியாகக் கிடைக்க ஏழில் ஒரு பங்குக்குச் சற்றே மேல், அதாவது 14.3 சதவீதம் போல வேண்டும். இருபது சதவீதம் பேர் ஒருமித்தால் யார் தயவுமின்றி தம் ஆளை அனுப்பலாம். பூனா ஒப்பந்தத்தின் இறுதிக்கட்டம் மறுத்தது இதைத்தான். ஆனால் ஒரு சதவீதம் பேர் எந்த நியாயமான எண்ணும் விதியிலும் ஆறு இடங்களில் ஒன்றை எட்ட முடியாது. அவர்களுக்கு ஒதுக்கீட்டைத் தவிர வழியில்லை. இதைவிட ஆழமான குறையும் உண்டு. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவி 1996 முதல் பத்தாண்டுகள் முறையாக நிரம்பவே இல்லை. மனுத் தாக்கல் செய்ய ஆளில்லாமல் போனது, அல்லது வென்றவர் உடனே பதவி விலகினார். சீட்டில் பெயரே இல்லாதவருக்கு எந்தக் கணிதமும் காசு சேர்க்க முடியாது. இருபது பேரும் ஏற்கும் ஒரு வேட்பாளர் இருந்தால் என்று நிபந்தனை தொடங்குகிறது; அந்த ஒருவர் அச்சமின்றி நிற்கும் நிலையை உண்டாக்குவது சட்டத்தின் வேலை, ஒதுக்கீடு அதன் ஒரு கருவி.

அப்படியானால் ஒதுக்கீட்டையும் காசையும் எப்படிச் சேர்ப்பது? இங்கே கணிதம் ஓர் அறக் கேள்வியைத் தெளிவாக்கிக் கொடுக்கிறது: ஒதுக்கிய இடத்தின் விலையை யார் கட்டுவது? ஐந்தில் ஓர் இடம் பழங்குடியினருக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறு காசை அவர்களுடைய பையிலிருந்தே எடுத்தால், ‘உங்களுக்குத்தான் ஒன்று கொடுத்தாயிற்றே’ என்று மற்ற நான்கு இடங்களிலும் அவர்கள் குரல் செல்லாமல் போகும். நூறு பேரின் பையிலிருந்தும் ஆளுக்கு ஒரு காசு எடுத்தால், மீதி நான்கு காசோடு எல்லோரும் சமமாக நான்கு இடங்களுக்கு வருவார்கள். இரண்டாவதே சரி என்பது என் நிலை; அந்த இடம் ஊர் முழுவதும் சேர்ந்து செய்த விலக்கத்துக்கு ஊர் முழுவதும் சேர்ந்து கட்டும் ஈடு. இதே கேள்வி இந்திய நீதிமன்றத்துக்கு வேறு வடிவில் வந்திருக்கிறது. 1957 மக்களவைத் தேர்தலில் பார்வதிபுரம் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒன்று பொது, ஒன்று பழங்குடியினருக்கு. அதிக வாக்கு பெற்ற இருவருமே பழங்குடியினர். முன்னாள் மத்திய அமைச்சரும் பின்னாள் குடியரசுத் தலைவருமான வி.வி. கிரி மூன்றாமிடம். பழங்குடியினருக்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டதால் பொது இடம் தனக்கே என்பது அவர் வழக்கு. ஒதுக்கீடு கீழெல்லையே தவிர மேலெல்லை அல்ல, பழங்குடி வேட்பாளர் பொது இடத்துக்கும் உரியவரே என்ற பொருளில் 1959இல் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. இரண்டு ஆண்டுகளில், 1961இல், இரட்டை உறுப்பினர் தொகுதிகளை நாடாளுமன்றம் சட்டமியற்றி ஒழித்தது. அதன்பின் ஒரு தொகுதிக்கு ஓர் இடம் என்றாகி, பங்கிட இரண்டாவது இடமே இல்லாமல் போனது.